'போதை ஊசி போட்டதுண்டா?' ரத்த தானப் படிவத்தின் அந்த ஒரு கேள்விக்குப் பொய் சொன்னால் என்ன ஆகும்?

அத்தைக்கு மறுநாள் காலை ஆபரேஷன். 'மூணு யூனிட் ரத்தத்துக்கு ஆள் ரெடி பண்ணிடுங்க' என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போகிறார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வராந்தாவில் நிற்கிறார்கள். ஒருவருக்கு சுகர், ஒருவருக்கு பிரஷர், இன்னொருவருக்கு வயசாகிவிட்டது. எல்லோருடைய பார்வையும் 22 வயது சித்தப்பா பையன் மேல் போய் நிற்கிறது.

"நீ போடா தம்பி. வாட்டசாட்டமா இருக்க. உனக்கென்ன?"

அவனும் போகிறான். ரத்த வங்கியில் ஒரு படிவத்தை நீட்டுகிறார்கள். பெயர், வயது, எடை என்று வேகமாக நிரப்பிக்கொண்டே வந்த பேனா ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. 'போதை ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் உண்டா?'

போன மாதம் நண்பர்களின் அறையில் நடந்தது நினைவுக்கு வருகிறது. வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து, ஒரே சிரிஞ்ச்சில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். 'ஒரே ஒரு தடவைதானே!'

தோளுக்குப் பின்னால் மாமா நின்றுகொண்டு படிவத்தை எட்டிப் பார்க்கிறார். பையன் 'இல்லை' என்று டிக் அடித்துவிடுகிறான்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், எந்த ஊர் ரத்த வங்கியின் வாசலிலும் நடக்கக்கூடிய காட்சி. அந்தப் பையன் கெட்டவன் இல்லை. அத்தைக்கு நல்லது செய்யத்தான் வந்தான். அவன் போட்ட அந்த ஒரு டிக், முகம் தெரியாத யாரோ ஒருவரின் வாழ்க்கையை எப்படிப் புரட்டிப்போடலாம் என்பது அவனுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வோம்.

முதலில் நேரடியான பதில்

போதைப் பழக்கம் உள்ளவர்கள் ரத்த தானம் செய்யலாமா? இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் இல்லை. எந்தப் பொருள் என்பதைவிட, அது உடலுக்குள் எந்த வழியாகப் போனது என்பதுதான் இங்கே முக்கியம்.

ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுத்தவர்கள் இந்தியாவில் ரத்த தானம் செய்யக் கூடாது. தேசிய ரத்தப் பரிமாற்றக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளில் 2020 மார்ச்சில் வந்த திருத்தமும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஹெச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி தொற்றுக்கான ஆபத்து அதிகம் உள்ளவர்கள் பட்டியலில் ஊசிவழிப் போதை எடுப்பவர்களின் பெயர் இருக்கிறது.

இது ஒழுக்கத்துக்கு மார்க் போடும் விஷயம் இல்லை. ஒருவர் பயன்படுத்திய ஊசியில் கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் ஒட்டியிருக்கும். அடுத்தவர் அதே ஊசியைப் போடும்போது அந்தத் துளி நேராக அவருடைய ரத்தக் குழாய்க்குள் போகிறது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியிலும் குறைந்தது 7 நாள்கள் உயிர்ப்போடு இருக்கும். 'தண்ணியில கழுவிட்டுத்தான் போட்டோம்' என்பதெல்லாம் இங்கே செல்லாது. ஊசி மட்டுமல்ல, மருந்தைக் கரைக்கும் மூடியையும் பஞ்சையும் பகிர்ந்துகொண்டாலும் தொற்று வரலாம்.

கஞ்சா, மது, மாத்திரை... இதற்கெல்லாம் என்ன விதி?

மது: குடித்துவிட்டு, அந்தப் போதை தெரியும் நிலையில் ரத்தம் கொடுக்க முடியாது. தொடர்ந்து அதிகமாகக் குடிப்பவரும் கொடையாளராக இருக்கக் கூடாது என்கிறது விதி. எப்போதோ ஒருநாள் குடித்தவர் என்பதற்காக மட்டும் ஒருவரை நிரந்தரமாக விலக்குவதில்லை.

கஞ்சா: போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி கஞ்சா புகைப்பது குற்றம். அது வேறு கதை. ரத்த தான விதியின் நிரந்தரத் தடைப் பட்டியலில் 'கஞ்சா புகைத்தவர்' என்று தனியாக ஒரு பிரிவு இல்லை. ஆனால், கொடையாளர் தெளிவான மனநிலையில், நல்ல உடல்நிலையில் இருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. போதையில் இருப்பவரால் படிவத்தைப் புரிந்துகொண்டு சம்மதம் தர முடியாது. கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லவும் முடியாது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் தாறுமாறாக இருக்கும். 350 மில்லி ரத்தம் வெளியே போகும்போது மயங்கி விழவும் வாய்ப்பு உண்டு. அந்த நிலையில் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழக்கம் உள்ளவரை ஏற்பதா, வேண்டாமா என்பதை அங்குள்ள மருத்துவ அலுவலர்தான் முடிவு செய்வார்.

மூக்கால் உறிஞ்சும் போதைப்பொருள்: ஊசி இல்லையே என்று நினைக்க வேண்டாம். மூக்கின் உள்சவ்வு மெல்லியது. உறிஞ்சும்போது புண்ணாகி லேசாக ரத்தம் கசியும். சுருட்டிய ரூபாய் நோட்டையோ குழாயையோ நாலு பேர் பகிர்ந்துகொண்டால் ஹெபடைட்டிஸ் சி பரவ வாய்ப்பு இருக்கிறது. டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய விஷயம் இது.

ஜிம் ஊசி: 'நான் போதைப் பக்கமே போனதில்லை. உடம்பு ஏத்துறதுக்கு ஸ்டீராய்டு மட்டும்தான்' என்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே பாட்டில், ஒரே சிரிஞ்ச் என்று பகிர்ந்திருந்தால் வைரஸுக்கு இரண்டும் ஒன்றுதான். போதைக்கான ஊசியா, தசைக்கான ஊசியா என்று அது பார்ப்பதில்லை.

டாட்டூ: இதுவும் ஊசி சமாச்சாரம்தான். பச்சை குத்திக்கொண்டால் 12 மாதங்கள் கழித்துத்தான் ரத்தம் கொடுக்க முடியும்.

'அதான் எல்லா ரத்தத்தையும் டெஸ்ட் பண்றாங்களே?'

எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. உண்மைதான். தானமாக வரும் ஒவ்வொரு யூனிட் ரத்தத்திலும் ஹெச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிஃபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்து சோதனைகளும் கட்டாயம். பிறகு ஏன் கேள்வி கேட்கிறார்கள்?

சோதனையின் கண்ணுக்குத் தெரியாத ஒரு காலம் இருப்பதுதான் காரணம். மருத்துவர்கள் இதை 'விண்டோ பீரியட்' என்பார்கள். வைரஸ் உடலுக்குள் வந்துவிட்டிருக்கும். ஆனால், அதை எதிர்க்க உடல் உருவாக்கும் ஆன்டிபாடி போதுமான அளவு வந்திருக்காது. அந்த ஆன்டிபாடியைத் தேடும் சோதனையில் ரிசல்ட் 'நெகட்டிவ்' என்றுதான் வரும். அந்த ரத்தம் அடுத்தவர் உடலில் ஏறினால் தொற்றும் சேர்ந்தே ஏறும்.

ஹெச்.ஐ.வி தொற்று ஆன்டிபாடி சோதனையில் தெரிய 23 முதல் 90 நாள்கள் வரை ஆகலாம். வைரஸின் மரபணுவையே நேரடியாகத் தேடும் 'நாட்' சோதனையிலும் 10 முதல் 33 நாள்கள் வரை ஆகும். நம் நாட்டின் எல்லா ரத்த மையங்களிலும் இந்த நாட் சோதனை கட்டாயமில்லை. ஹெபடைட்டிஸ் சி-க்கான ஆன்டிபாடி தெரிவதற்குப் பெரும்பாலும் 8 முதல் 11 வாரங்கள் ஆகும்.

நம் கதையில் வரும் பையன் ஊசி போட்டது போன மாதம். அவனுக்குத் தொற்று வந்திருந்தால், சோதனைக் கருவியால் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். அந்த ஊசியைப் பற்றி அவனுக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஒரு கேள்வியும், அதற்கு அவன் சொல்லும் உண்மையும்தான் அங்கே சோதனையாக வேலை செய்கின்றன.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒரு பை ரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று மூன்றாகப் பிரித்து மூன்று பேருக்குக் கொடுக்கலாம். பிரசவத்தில் ரத்தம் இழந்த தாய், டெங்கு காய்ச்சலில் தட்டணு குறைந்த குழந்தை, தீக்காயத்தில் துடிக்கும் தொழிலாளி என்று யாராகவும் இருக்கலாம். 'ஒரு யூனிட் மூன்று உயிரைக் காக்கும்' என்று முகாம் பேனர்களில் பார்த்திருப்போம். அந்தக் கணக்கு மறுபக்கமும் செல்லும்.

உலகம் கொடுத்த விலை

இந்தக் கேள்வியை யாரோ அதிகாரி ஏசி அறையில் உட்கார்ந்து சும்மா சேர்த்துவிடவில்லை. அதற்குப் பின்னால் பெரிய சோகம் இருக்கிறது.

1970-கள், 80-களில் பிரிட்டனில் ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு, ரத்தம் உறைவதற்கான 'ஃபேக்டர் 8' என்ற மருந்தைக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து தயாரிக்கும் மருந்து அது. அதில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது. அங்கே பணம் கொடுத்து பிளாஸ்மா வாங்கினார்கள். விற்றவர்களில் சிறைக்கைதிகளும் போதைப்பழக்கம் உள்ளவர்களும் இருந்தார்கள். ஒருவருக்குத் தொற்று இருந்தாலும் மொத்தக் கலவையும் கெட்டது.

இந்த மருந்தாலும், பிரசவம், அறுவை சிகிச்சை போன்ற சமயங்களில் ஏற்றப்பட்ட ரத்தத்தாலும் பிரிட்டனில் 30,000-க்கும் மேற்பட்டோர் ஹெச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் தொற்றுக்கு ஆளானார்கள். சுமார் 3,000 பேர் இறந்தார்கள். பள்ளிக் குழந்தைகளும் இதில் அடக்கம். இதை விசாரித்த பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையிலான குழு 2024 மே 20-ம் தேதி இறுதி அறிக்கையை வெளியிட்டது. அன்றே அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் நாட்டு மக்களிடம் மன்னிப்பு கேட்டார்.

இந்தியாவிலும் ஒரு காலத்தில் ரத்தம் விற்கும் தொழில் கொடிகட்டிப் பறந்தது. கையில் காசு இல்லாதவரும், அடுத்த வேளை போதைக்குப் பணம் தேடியவரும் ரத்தத்தை விற்றார்கள். பணம்தான் தேவை என்னும்போது யார் உண்மை சொல்வார்கள்? 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 ஜனவரி 1 முதல் ரத்தம் விற்பது தடை செய்யப்பட்டது. தானமாக வரும் ரத்தம் பாதுகாப்பானது என்று நம்புவதற்கு ஒரு முக்கியக் காரணம், கொடுப்பவருக்குப் பொய் சொல்லத் தேவையில்லை என்பதுதான்.

சாத்தூர் சொன்ன பாடம்

2018 டிசம்பரில் தமிழ்நாட்டையே உலுக்கிய சம்பவம் நினைவிருக்கலாம். விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஹெச்.ஐ.வி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. ரத்தம் கொடுத்த இளைஞருக்குப் போதைப்பழக்கம் எதுவும் இருந்ததாகச் செய்தி இல்லை. உறவினருக்காக ரத்தம் கொடுக்கப் போனவர் அவர். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் தனக்குத் தொற்று இருப்பது அவருக்குத் தெரியவந்தது. தெரிந்ததும் தானே முன்வந்து மருத்துவமனையில் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டிருந்தது. அந்த இளைஞரும் சில நாள்களில் உயிரிழந்தார்.

சோதனையிலும், தகவல் சொல்வதிலும் நடந்த தவறுகள் பற்றி அப்போது நிறைய பேசப்பட்டது. சோதனைக்கூடம் ஒன்றை மட்டுமே நம்பி இருக்க முடியாது என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. கொடுப்பவருக்குத் தெரிந்த உண்மை, எடுப்பவரின் கேள்வி, சோதனைக்கூடத்தின் கவனம் என்று மூன்று பூட்டுகள் இருக்கின்றன. மூன்றும் பூட்டியிருக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால் போலீஸ் வருமா?

படிவத்தில் பொய் சொல்ல வைக்கும் முதல் பயம் இதுதான். ரத்த மையம் செய்வது உங்கள் ரத்தத்தில் தொற்று இருக்கிறதா என்ற சோதனையை. கஞ்சா, மாத்திரை இருக்கிறதா என்ற சோதனையை அல்ல. கொடையாளரிடம் தனியாகப் பேச வேண்டும், அவர் சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பதுதான் வழிகாட்டுதல்.

எனவே, மாமா தோளுக்குப் பின்னால் நின்றால், 'டாக்டர்கிட்ட தனியா பேசணும்' என்று கேட்கலாம். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உள்ளே போய், 'எனக்கு ஊசிப் பழக்கம் இருந்துச்சு. நான் கொடுக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன்' என்று சொன்னால் போதும். ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே இருந்தாலும், எடை 45 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலும், ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூக்கமில்லாமல் வந்திருந்தாலும்கூடத் திருப்பி அனுப்புவார்கள். தினமும் யாராவது ஒருவர் அப்படித் திரும்பிப் போகிறார். வெளியே வந்து, 'டாக்டர் என்னை எடுக்க வேணாம்னுட்டார்' என்று சொல்லலாம். அதில் பொய்யும் இல்லை, மானக்கேடும் இல்லை.

'கொடுத்துட்டேனே... இப்ப என்ன செய்ய?'

படிவத்தில் மறைத்து, ரத்தமும் கொடுத்துவிட்டு வந்த பிறகு மனசு உறுத்துகிறதா? அப்போதும் கதவு மூடிவிடவில்லை. உடனே அந்த ரத்த மையத்துக்கு போன் செய்யுங்கள். பெயர், கொடுத்த தேதி, நேரம் சொல்லி, 'என் ரத்தத்தை யாருக்கும் கொடுக்காதீங்க' என்று சொல்லுங்கள். ஒவ்வொரு பைக்கும் தனி எண் உண்டு. அதை வைத்து எடுத்துவிடுவார்கள். தட்டணுவை 5 நாள்கள்தான் வைத்திருக்க முடியும். சிவப்பணுவைச் சில வாரங்கள் வரை வைத்திருப்பார்கள். ஆக, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொரு தவறும் நடக்கிறது. 'ரத்தம் கொடுத்தா ஹெச்.ஐ.வி டெஸ்ட் ஃப்ரீயா பண்ணிடுவாங்க' என்று நினைத்து முகாமுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இது மிகவும் ஆபத்தானது. சந்தேகம் இருந்தால் போக வேண்டிய இடம், அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையம். அங்கே ஹெச்.ஐ.வி சோதனை இலவசம், ரகசியம். 1097 என்ற இலவச எண்ணிலும் விவரம் கேட்கலாம். ஹெபடைட்டிஸ் சி என்று தெரியவந்தாலும் இடிந்துபோகத் தேவையில்லை. பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடுகிறது. 2018-ல் தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை இலவசம்.

மீண்டு வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை

'விட்டு வருஷக்கணக்காச்சு. இன்னமும் கொடுக்கக் கூடாதா?' என்று கேட்பவர்களின் ஆதங்கம் நியாயமானது. அமெரிக்காவில் 2020-ல் விதியைத் தளர்த்தினார்கள். அங்கே கடைசியாக ஊசி போட்டு 3 மாதங்கள் ஆகியிருந்தால், மற்ற தகுதிகளும் சரியாக இருந்தால் கொடுக்கலாம். அங்கே தானமாக வரும் ரத்தத்தில் நாட் சோதனை வழக்கமாகச் செய்யப்படுகிறது. நம் விதி அந்த அளவுக்குத் தளரவில்லை. எல்லா மையங்களுக்கும் அந்தச் சோதனை வரும்போது, இங்கேயும் இந்தக் கேள்வி எழுவது நல்லதுதான். அதுவரை விதியை மதிப்பதுதான் நோயாளிக்குச் செய்யும் மரியாதை.

ரத்தம் கொடுக்க முடியாவிட்டால் உதவவே முடியாது என்று அர்த்தமில்லை. கொடையாளரை பைக்கில் ஏற்றிக்கொண்டு வருவது, நள்ளிரவில் பத்துப் பேருக்கு போன் அடிப்பது, முகாமில் ஜூஸும் பிஸ்கட்டும் கொடுப்பது எல்லாமே ரத்த தானத்தில் சேர்த்திதான்.

இன்னும் விட முடியாமல் தவிப்பவர்களுக்கு, 14446 என்ற போதை மீட்பு உதவி எண் இருக்கிறது. சிகிச்சைக்குத் தாமாக முன்வருபவர்களுக்கு, சிறிய அளவு போதைப்பொருள் தொடர்பான வழக்குகளில் பாதுகாப்பு தர, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64-ஏ என்ற பிரிவு இருக்கிறது. உதவி கேட்பது குற்றமில்லை.

வராந்தாவில் நிற்பவர்களுக்கு

கடைசியாக மாமாக்களுக்கும் சித்திகளுக்கும் ஒரு விஷயம். ஆஸ்பத்திரி வராந்தாவில் பதற்றமாக நிற்கும்போது, 'நீ போடா' என்று ஒரு பையனைத் தள்ளிவிடுவது சுலபம். அவன் தயங்கினால், 'ஊசின்னா பயமா?', 'சொந்த அத்தைக்குக் கொடுக்க மாட்டியா?' என்று கேட்பதும் சுலபம். அப்படிக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அவனைப் பொய்யை நோக்கித் தள்ளுகிறது. சமீபத்தில் போட்ட டாட்டூ, சொல்லாமல் சாப்பிடும் மாத்திரை, ஒரு பழைய தவறு என்று அவனுக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கலாம். அதை எல்லோர் முன்னாலும் சொல்லவைக்க வேண்டாம்.

"என்னால முடியாது மாமா" என்று அவன் சொன்னால், "சரிப்பா, நீ அத்தை பக்கத்துல இரு. நாங்க வேற ஆள் பார்த்துக்கறோம்" என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

அந்த ரத்தம் யாருக்கோ பாதுகாப்பாகப் போய்ச் சேர வேண்டும் என்றால், 'முடியாது' என்று தைரியமாகச் சொல்ல அவனுக்கு வீட்டில் ஓர் இடம் வேண்டும். வெளியில் கேட்க முடியாததை, நாலு நாள் கழித்து வீட்டில் தனியாக உட்கார்ந்து அன்பாகக் கேட்டுக்கொள்ளலாம்.